கறிவேப்பிலைப் புழுவுக்குப் பதினாறு கால்கள்: அப்படியானால் அது பூச்சி இல்லையா?

லயத்துக்காரி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் குளுவாங் பக்கத்துச் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். நான்காம் ஆண்டு படிக்கும் என் மகள் வீட்டுப் பின்புறத்துக் கறிவேப்பிலைச் செடியில் ஒரு பச்சைப் புழுவைக் கண்டுபிடித்துக் கால்களை எண்ணியிருக்கிறாள். தலையை ஒட்டி மூன்று இணை, நடு உடம்பில் நான்கு இணை, வால் நுனியில் ஓர் இணை. ஆக மொத்தம் பதினாறு. அவளுடைய பயிற்சிப் புத்தகத்திலோ "பூச்சிகளுக்கு ஆறு கால்கள்" என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. "அப்படியானால் இது பூச்சி இல்லையா அம்மா?" என்று கேட்கிறாள். வளர்ந்தால் வண்ணத்துப்பூச்சி ஆகும் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். மீதிப் பத்துக் கால்கள் எங்கே போகின்றன?

இன்னொன்றும் இருக்கிறது. சில நாட்களுக்கு முன் தோட்டத்தில் கிடைத்த காண்டாமிருக வண்டை அவள் வரைந்து, வயிற்றில் நான்கு கால்கள் என்று குறித்திருந்தாள். பள்ளியில் அது தவறு என்று சிவப்பு மையால் அடித்துவிட்டார்கள். பிள்ளை அழுதுவிட்டாள். வண்டைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால் எனக்கும் அவள் வரைந்தபடிதான் தெரிகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரும்பலகை எழுதியது:

வணக்கம் அம்மா. நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்வது வளர்ந்த பூச்சியின் உடலமைப்பை. தலை, மார்பு, வயிறு என மூன்று பகுதிகள். மார்பில் ஆறு கால்கள், பெரும்பாலானவற்றுக்கு இறக்கைகள், தலையில் ஓர் இணை உணர்கொம்புகள். சிலந்திக்கு எட்டுக் கால்கள், உணர்கொம்பு கிடையாது, ஆகவே அது பூச்சி இல்லை. பூரான், மரவட்டை, தேள் எதுவும் பூச்சி இல்லை. இந்த வயதில் இவ்வளவு மனத்தில் நின்றால் போதும். புழு, கூட்டுப்புழு என்று விதிவிலக்குகளை அடுக்கினால் பிள்ளை குழம்பிப்போகும். கால் வயிற்றில் இருப்பதாக எழுதினால் எந்தத் தேர்விலும் மதிப்பெண் கிடைக்காது. அதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பூச்சிப்பெட்டி எழுதியது:

லயத்துக்காரி அக்கா, உங்கள் மகள் சரியாகத்தான் எண்ணியிருக்கிறாள். அவள் எண்ணியவற்றில் ஆறுதான் உண்மையான கால்கள். மற்றப் பத்தும் போலிக்கால்கள்.

சொல்லிவிட்டால் போதாது, பிள்ளையின் கண்ணுக்குக் காட்ட வேண்டும். புழுவை ஒரு கண்ணாடிக் குவளையில் ஏறவிட்டு, அடிப்பக்கத்திலிருந்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். தலையை ஒட்டிய மூன்று இணைக் கால்கள் மெல்லியவை, மூட்டு மூட்டாக மடிபவை, நுனியில் ஒரு சிறு நகம் இருக்கும். இலையின் விளிம்பைத் தாடைக்கு நேராகப் பிடித்துக் கொடுப்பதும் அவைதான். பின்னால் உள்ளவை சதைக் குட்டைகள். அவற்றில் மூட்டே கிடையாது. அடிப்பாகம் யானையின் பாதம் போலத் தட்டையாக இருக்கும். அந்தப் பாதத்தின் ஓரத்தில் நுண்ணிய கொக்கிகள் வரிசையாக நிற்கும். புழு கிளையை விட்டு விழாமல் தொங்குவது அந்தக் கொக்கிகளின் பலத்தால்தான். புழுவை இலையிலிருந்து பிரித்தெடுக்கும்போது லேசாகப் பற்றி இழுப்பதுபோல் தோன்றுமே, அது இந்தக் கொக்கிகளின் வேலை.

புழுவின் உடல் வளையம் வளையமான துண்டுகளால் ஆனது, அவற்றைக் கண்டங்கள் என்போம். தலைக்குப் பின்னால் உள்ள மூன்று கண்டங்கள் மார்பு. அதற்குப் பின்னால் பத்துக் கண்டங்கள் வயிறு. போலிக்கால்கள் வயிற்றின் மூன்றாவது முதல் ஆறாவது வரையிலான கண்டங்களிலும் பத்தாவது கண்டத்திலும் இருக்கின்றன. நான்கும் ஒன்றும் ஐந்து இணை. பிள்ளை எண்ணிய கணக்கு அப்படியே பொருந்துகிறது பாருங்கள். கூட்டுப்புழுவாகும்போது போலிக்கால்கள் மறைந்துவிடும். மார்பில் உள்ள மூன்று இணைக்குரிய இடத்தில்தான் வண்ணத்துப்பூச்சியின் கால்கள் வரும்.

முதுகை வளைத்து வளைத்து அளந்துகொண்டு போகும் புழுவைப் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பெரும்பாலும் இரண்டு இணைப் போலிக்கால்கள்தாம், இரண்டுமே பின்பக்கத்தில். நடுவில் ஊன்ற எதுவும் இல்லாததால்தான் அப்படி வளைந்து நடக்கிறது. போலிக்கால்களின் எண்ணிக்கை மாறும். மார்பில் உள்ள மூன்று இணை என்ற அடிப்படை மாறாது.

லயத்துக்காரி எழுதியது:

மிக்க நன்றி தம்பி. மகளுக்குக் காட்டினேன், நகம்கூடத் தெரிந்தது. ஒரு சந்தேகம். புழுவைக் குவளையில் எடுத்து வைக்கும்போது தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் இரண்டு கொம்புகள் வெளியே வந்தன. ஒரு கெட்ட வாடை. பிறகு உள்ளே போய்விட்டன. அவைதான் உணர்கொம்புகளா?

பூச்சிப்பெட்டி எழுதியது:

இல்லை அக்கா. அது எதிரியை விரட்டும் சதைப்பை. மார்பின் முதல் கண்டத்தில், தலைக்குச் சற்றுப் பின்னால் மடிந்து கிடக்கும். தொந்தரவு செய்தால் உடல் நீரின் அழுத்தத்தால் கவடாகப் பிதுங்கி வெளிவரும். கறிவேப்பிலை, எலுமிச்சைச் செடிகளில் வளரும் இந்தக் குடும்பத்துப் புழுக்கள் எல்லாவற்றுக்கும் அது உண்டு. புழுவின் உண்மையான உணர்கொம்புகள் வாயின் இரு பக்கமும் மிகச் சிறியனவாக இருக்கும். உருப்பெருக்கி இல்லாமல் தெரியாது.

செம்பனை மட்டை எழுதியது:

நான் தோட்டத்தில் பூச்சித் தாக்குதல் கணக்கெடுக்கும் வேலை பார்க்கிறேன். மட்டையை வெட்டி இறக்கி, ஓலையின் அடியில் எத்தனை புழுக்கள் என்று எண்ணுவதுதான் அன்றாடப் பிழைப்பு. "ஆறு கால்" என்ற கணக்கை எங்கள் செம்பனையில் வைத்துப் பார்த்தால் இன்னும் சிக்கல் வரும்.

ஒன்று, தொட்டால் நெருப்பாய்ச் சுடும் முள்புழு. ஓலையின் அடியில் அட்டையைப் போல ஒட்டிக்கொண்டு வழுக்கிப் போகும். திருப்பிப் பார்த்தால் காலே கண்ணில் படாது. மற்றொன்று, காய்ந்த ஓலைத் துணுக்குகளைப் பட்டுநூலால் கோத்துப் பை பின்னி அதற்குள்ளேயே வாழும் பைப்புழு. அதன் பெண் வளர்ந்த பிறகும் பையை விட்டு வருவதில்லை. பையைப் பிளந்து பார்த்திருக்கிறேன். இறக்கை இல்லை, நடக்கிற கால் இல்லை, மஞ்சள் நிறத்தில் ஒரு முட்டைப் பை மாதிரிதான் இருக்கிறது. ஆசிரியை சொன்னது வளர்ந்த பூச்சியின் கணக்கு. இது வளர்ந்தேவிட்டது, கால் எங்கே? இதையும் பூச்சி என்றுதான் சொல்கிறார்கள். எந்தக் கணக்கில்?

பூச்சிப்பெட்டி எழுதியது:

அண்ணா, நீங்கள் கேட்டதுதான் இந்த இழையின் உயிரான கேள்வி.

முள்புழுவுக்கு மார்பில் மூன்று இணைக் கால்களும் இருக்கின்றன. மிகச் சிறியவை, தலையோடு சேர்ந்து மடிப்புக்குள் ஒளிந்திருக்கும். வயிற்றில் போலிக்கால்களுக்குப் பதிலாக உறிஞ்சி ஒட்டும் தட்டுகள் இருக்கின்றன. செம்பனை ஓலையைப் போன்ற வழவழப்பான பரப்பில் அது வழுக்கி நகர்வதற்குக் காரணம் அதுதான்.

பைப்புழுவின் கதை வேறு. ஆண் இறக்கை முளைத்து அந்துப்பூச்சியாகப் பறந்து வருகிறது. பெண் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆணே அதைத் தேடி வந்து கூடுகிறது, முட்டைகளும் பைக்குள்ளேயே. எங்கும் போக வேண்டிய தேவை இல்லாத உடல் காலையும் இறக்கையையும் விட்டுவிட்டது. ஆனால் அதே பெண் முட்டையிலிருந்து வெளிவந்த நாளில் ஆறு கால்களோடு, நூலில் தொங்கிக் காற்றில் மிதந்து வந்ததுதான். மார்பின் மூன்று கண்டங்களும் இன்றைக்கும் அந்த உடலில் இருக்கின்றன. கால் சுருங்கிப் போயிற்று, கண்டம் போகவில்லை.

எனவே பூச்சியின் உடலைப் பார்க்கும்போது காலை மட்டும் எண்ணாமல் எந்தப் பகுதிக்கு எந்த வேலை என்று கேட்க வேண்டும் என்பேன். தலை, உணர்வதற்கும் உண்பதற்கும். கண்கள், உணர்கொம்புகள், வாயுறுப்புகள் எல்லாம் அங்கே. மார்பு, இடம்பெயர்வதற்கு. மூன்று கண்டங்கள், ஒவ்வொன்றிலும் ஓர் இணைக் கால், இரண்டாவதிலும் மூன்றாவதிலும் இறக்கைகள். உள்ளே பெரும்பாலும் தசைதான். வயிறு, செரிப்பதற்கும் கழிவை வெளியேற்றுவதற்கும் இனம் பெருக்குவதற்கும். இந்த வேலைப் பங்கீட்டைப் பிடித்துக்கொண்டால் பைப்புழுப் பெண்ணும் புரியும், நான்கு காலில் நிற்கும் வண்ணத்துப்பூச்சியும் புரியும். ஆம், சாலையோரத்தில் பறக்கும் செம்மஞ்சள் நிற எருக்கன் வண்ணத்துப்பூச்சி போன்றவை நான்கு கால்களில்தான் நிற்கும். முன்னங்கால்கள் இரண்டும் சிறுத்து நெஞ்சோடு ஒட்டிக் கிடக்கும். பார்த்து எண்ணும் பிள்ளை நான்கு என்றுதான் சொல்லும். அந்தப் பிள்ளைக்கும் சிவப்பு மையா?

கரும்பலகை எழுதியது:

தம்பி, சிவப்பு மை போட்டவர் நான் இல்லை. ஆனால் அந்த இடத்தில் நான் இருந்தாலும் திருத்தியிருப்பேன். வயிற்றில் கால் என்பது உடலமைப்புப்படி தவறுதானே? இதற்கு உங்கள் பதில் என்ன?

பூச்சிப்பெட்டி எழுதியது:

தவறு என்பது சரி டீச்சர். அந்தத் தவறு எப்படி வந்தது என்று யாரும் பிள்ளைக்குச் சொல்லவில்லை என்பதுதான் என் வருத்தம். காண்டாமிருக வண்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

மேலிருந்து பார்த்தால் மூன்று துண்டுகள் தெரிகின்றன. கொம்புள்ள சிறிய தலை, அதன் பின்னால் நடுவில் பள்ளம் விழுந்த ஒரு பளபளப்பான கவசம், அதற்குப் பின்னால் முதுகை மூடிய இரண்டு கடினமான ஓடுகள். மூன்று துண்டு என்றதும் தலை, மார்பு, வயிறு என்று குறித்துவிடத் தோன்றும். யாருக்கும் தோன்றும். ஆனால் அந்தக் கவசம் மார்பின் முதல் கண்டம் மட்டுமே. இரண்டாவதும் மூன்றாவதும் ஓடுகளுக்கு அடியில் இருக்கின்றன. அந்த இரண்டு ஓடுகளும் சேரும் இடத்தில், கவசத்தை ஒட்டி, ஒரு சிறு முக்கோணம் தெரிகிறது. மேற்பக்கத்தில் இரண்டாவது மார்புக் கண்டம் வெளியே தலைகாட்டும் இடம் அந்த முக்கோணம்தான். ஓடுகள் என்று நாம் சொல்பவை அந்தக் கண்டத்தின் முன் இறக்கைகள். கெட்டியாகிக் காப்புறை ஆகிவிட்டன. அவற்றைத் தூக்கினால் பழுப்பு நிறத்தில் மெல்லிய பின் இறக்கைகள் மடித்து வைக்கப்பட்டிருக்கும். அவை மூன்றாவது கண்டத்துக்கு உரியவை, பறப்பதற்கு அவைதான். அதற்கும் அடியில்தான் வயிறு.

இப்போது வண்டைத் திருப்புங்கள். முதல் இணைக் கால் கவசத்தின் அடியிலிருந்து வருகிறது. அதற்குப் பின் ஓர் ஆழமான இடைவெளி, தலையும் கவசமும் அசைவது அங்கேதான். பிறகு அகன்ற, செம்பழுப்பு மயிர் படர்ந்த ஒரு தகடு. நடுக்காலும் பின்னங்காலும் அந்தத் தகட்டின் முன்னும் பின்னும் பொருந்தியிருக்கின்றன. மேலிருந்து வயிறு என்று நினைத்த இடத்துக்கு நேர் கீழே இந்தத் தகடு இருக்கிறது. அதனால்தான் பிள்ளை வயிற்றில் நான்கு கால்கள் என்று குறித்தாள். ஆனால் பின்னங்காலின் அடித்துண்டைத் தாண்டிப் பாருங்கள். குறுக்குக் கோடுகளாக வளையங்கள் தொடங்குகின்றன. வயிறு அங்கேதான் ஆரம்பம். அந்த வளையங்களில் எந்தக் காலும் இல்லை.

கால் முளைக்கும் இடம் மார்பு. மேலே எத்தனை துண்டாகத் தெரிந்தாலும், வண்டைத் திருப்பிக் கடைசிக் கால் எங்கே பொருந்தியிருக்கிறது என்று பார்த்துவிட்டு அதன் பின்னால் கோடு போடச் சொல்லுங்கள். உங்கள் மகள் பார்த்ததைத்தான் வரைந்தாள் அக்கா. கோடு மட்டும்தான் இடம் மாறிவிட்டது.

கையில் இருக்கும்போதே இன்னொன்று. கொம்பு வாயும் இல்லை, எலும்பும் இல்லை. உடலைப் போர்த்தியிருக்கும், கைட்டின் என்ற பொருள் கலந்த அதே புறக்கூடு தலையில் நீண்டு வளர்ந்தது. பூச்சிக்கு உள்ளே எலும்பே கிடையாது. தசைகள் இந்தக் கூட்டின் உட்புறச் சுவரில் பிடித்துக்கொண்டிருக்கின்றன. சிறிய ஆண் வண்டுக்குக் கொம்பும் சிறிதாகவே இருக்கும். ஆகவே கொம்பை வைத்து ஆணா பெண்ணா என்று முடிவு செய்ய வேண்டாம். வால் நுனியில் செம்மயிர் அடர்ந்திருந்தால் பெண்.

செம்பனை மட்டை எழுதியது:

அது சரியான அடையாளம். நாங்களும் வாலைப் பார்த்துத்தான் பிரிக்கிறோம். கொம்பால் துளைக்கிறது என்று தோட்டத்தில் பாதிப் பேர் நம்புகிறார்கள். துளைப்பது தாடை. விரியாத குருத்தின் அடியைத் தாடையால் கடித்துச் சாற்றை உறிஞ்சிவிட்டுப் போகும். குருத்து பிறகு விரியும்போது கத்தரிக்கோலால் வெட்டியது போல முக்கோண வெட்டு தெரியும். அதைப் பார்த்தாலே வண்டு வந்து போயிருக்கிறது என்று அர்த்தம். கன்று மரமாக இருந்தால் குருத்தோடு செத்தும் போகும்.

கரும்பலகை எழுதியது:

திருப்பிப் பார்க்கச் சொன்னது நல்ல வழி. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வகுப்பில் முப்பது பிள்ளைகளுக்கும் வண்டு கிடைக்காது. எறும்புப் படம் போட்டுக் காட்டுவது அதனால்தான். எறும்பில் மூன்று பகுதிகளும் தனித்தனியாகப் பிரிந்து தெரியும். அதில் குழப்பமே இல்லை.

பூச்சிப்பெட்டி எழுதியது:

எறும்பில்தான் டீச்சர் பெரிய மறைவே இருக்கிறது. மலாய்க்காரர்கள் கெரெங்கா என்று சொல்லும் முசுறு எறும்பை எடுத்துக்கொள்ளுங்கள், ரம்புத்தான் மரத்தில் இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டுமே அது. கால்கள் உள்ள நடுப்பகுதியை மார்பு என்று குறிக்கிறோம். உண்மையில் வயிற்றின் முதல் கண்டம் மார்போடு ஒட்டி அந்த நடுப்பகுதியிலேயே சேர்ந்துவிட்டது. அதற்குப் பின் வரும் மெல்லிய இடுப்பு வயிற்றின் இரண்டாவது கண்டம். குளவிக்கும் தேனீக்கும் இதே அமைப்புதான். அந்த ஒடுங்கிய இடுப்பால்தான் குளவியால் பின்னுடம்பை முன்னால் வளைத்துக் கொட்ட முடிகிறது. முசுறு கொட்டாது. கடித்த இடத்தில் பின்னுடம்பை வளைத்து அமிலத்தைப் பீய்ச்சும், அதற்கும் இந்த வளைவு வேண்டும்.

நான்காம் ஆண்டுப் பிள்ளைக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எறும்புதான் தெளிவான படம் என்று ஆசிரியர்கள் நினைப்பதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். வெட்டுக்கிளி இதைவிட நல்லது. திடலில் கிடைக்கும், உடல் பெரியது, கண்டங்கள் தெரியும், தொடை, கணைக்கால், பாதம் எல்லாம் பிரிந்து தெரியும். வயிற்றின் முதல் கண்டத்தின் பக்கவாட்டில் வட்டமான சவ்வு ஒன்று இருக்கும். அது வெட்டுக்கிளியின் காது. இரவில் கத்தும் சுவர்க்கோழிக்குக் காது முன்னங்காலில். இதைச் சொன்னால் எந்தப் பிள்ளையும் மறக்காது.

பெரட்டுக்களம் எழுதியது:

பிள்ளைகளே, வயதானவன் ஒருவன் குறுக்கே வருகிறேன். வண்டு என்றதும் எல்லோரும் செம்பனையை அழிக்கும் வண்டையே பேசுகிறீர்கள். நம் வட்டாரத்துக்குச் சோறு போட்ட வண்டு ஒன்று இருக்கிறது.

அந்தக் காலத்தில் செம்பனையில் ஆண் பூவின் தூளைச் சேர்த்து, முகப்பவுடரைப் போன்ற மாவோடு கலந்து, கையால் அழுத்தும் ஊதுகுழலில் பெண் பூக்களுக்கு ஊதுவதற்கென்றே பெண்கள் இருந்தார்கள். என் அம்மா அந்த வேலைக்குத்தான் போனார். முள்ளுக்கு நடுவே கையை விட்டுப் பாளையைப் பிரித்து ஊத வேண்டும். கை முழுக்கக் கீறலோடு வருவார். பிறகு ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து ஒரு சின்னஞ்சிறு கூன்வண்டைக் கொண்டுவந்தார்கள். ரஹ்மான் சையத் என்ற பூச்சியியல் அறிஞர் அங்கே ஆராய்ந்து, செம்பனைக்கு மகரந்தம் சேர்ப்பது காற்று மட்டும் அல்ல, இந்த வண்டுதான் என்று காட்டினார். மலேசியாவில் அதை முதலில் விட்டது 1981ஆம் ஆண்டு, இதே குளுவாங் வட்டாரத்தில். கொஞ்ச காலத்தில் ஊதும் வேலையே இல்லாமல் போயிற்று. குலைகள் கனத்தன. அம்மாவுக்கு வேறு வேலை கொடுத்தார்கள்.

அந்த வண்டைப் பார்த்திருக்கிறேன், எள்ளைவிடச் சற்றுப் பெரிது. முன்னால் ஒரு மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். அது கொசுவைப் போல உறிஞ்சும் குழாயா? தூளை எதில் தூக்கிக்கொண்டு போகிறது?

பூச்சிப்பெட்டி எழுதியது:

ஐயா, உங்கள் அம்மாவின் கைகளைப் பற்றிப் படித்ததும் நெஞ்சு கனத்துவிட்டது. அந்த வேலையைச் செய்தவர்களைப் பற்றி எந்தப் பாடத்திலும் ஒரு வரி இல்லை. சேர்க்க வேண்டும் என்று நான் எண்ணுகிறேன்.

நீங்கள் பார்த்த மூக்கு, தலையே நீண்டு வந்தது. கொசுவின் வாய் ஊசிகளாக மாறியது, குத்தி உறிஞ்சும். கூன்வண்டின் நீண்ட தலை நுனியில் கடித்து மெல்லும் தாடைகள் இருக்கின்றன. உணர்கொம்புகள் அந்த மூக்கின் பக்கங்களிலிருந்தே முளைத்து, முழங்கை போல் மடிந்திருக்கும். செம்பனைப் பூவில் சோம்பு போன்ற ஒரு வாசனை வருமே, அதை அந்த உணர்கொம்புகள்தான் பிடிக்கின்றன. முதலில் ஆண் பூவுக்குத்தான் வரும். அங்கேயே தின்று, அங்கேயே முட்டையிட்டு, புழுவும் வாடிய ஆண் பூக்காம்புகளிலேயே வளரும். பெண் பூவும் விரியும்போது ஏறக்குறைய அதே வாசனையை விடுகிறது. வண்டு அதைத் தேடிப் போகிறது. உணவு எதுவும் கிடைக்காமல் திரும்பிவிடுகிறது. அதற்குள் உடல் மயிர்களில் ஒட்டியிருந்த தூள் பெண் பூவில் உதிர்ந்துவிடுகிறது.

தாமான்வாசி எழுதியது:

உடலமைப்பு பேசுவதால் கேட்கிறேன். சமையலறைக் கரப்பான்பூச்சிக்கு மருந்து அடிக்கப் பயமாக இருக்கிறது, சின்னப் பிள்ளை தவழ்கிறது. சவர்க்காரத் தண்ணீர் தெளித்தால் சாகும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். சாகத்தான் செய்கிறது. வெறும் தண்ணீரில் சாகாதது சவர்க்காரத் தண்ணீரில் எப்படிச் சாகிறது?

பூச்சிப்பெட்டி எழுதியது:

அது மூச்சுத் திணறிச் சாகிறது. பூச்சி மூக்காலோ வாயாலோ மூச்சு விடுவதில்லை. உடலின் இரு பக்கமும் வரிசையாக மூச்சுத்துளைகள் இருக்கின்றன. கரப்பானுக்குப் பத்து இணை, மார்பில் இரண்டும் வயிற்றில் எட்டும். ஒவ்வொரு துளையிலிருந்தும் குழல்கள் கிளைவிட்டுக் கிளைவிட்டு, கடைசியில் ஒவ்வொரு தசைக்கும் நேரடியாகக் காற்றைக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. இடையில் இரத்தத்துக்கு வேலை இல்லை. பூச்சியின் இரத்தம் சிவப்பாக இல்லாததற்கும் அதுவே காரணம், ஆக்சிஜனைச் சுமக்கும் பொருள் அதில் இல்லை. முதுகுப் பக்கம் நீளக் குழாயாக இருக்கும் இதயம் அந்த நீரை முன்னோக்கித் தள்ளிவிடுகிறது. பிறகு அது உறுப்புகளுக்கு இடையே தானாகப் பரவித் திரும்புகிறது.

புறக்கூட்டின் மேல் மெழுகு படிந்திருக்கிறது. வெறும் தண்ணீர் அதில் உருண்டுவிடும், சின்னத் துளைகளுக்குள் நுழையாது. சவர்க்காரம் தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்துவிடுகிறது. அப்போது தண்ணீர் படர்ந்து துளைகளை அடைத்துவிடும். உடல் முழுவதும், முக்கியமாக அடிப்பக்கமும் பக்கவாட்டும் நனைய வேண்டும். தலையில் மட்டும் பட்டால் பயன் இல்லை. தலை துண்டிக்கப்பட்ட கரப்பான்கூடப் பல நாட்கள் உயிரோடு இருப்பது இதனால்தான். மூச்சுக்குத் தலை வேண்டியதில்லை, மார்பிலும் வயிற்றிலும் நரம்பு முடிச்சுகள் தனித்தனியாக இருப்பதால் கால்களும் அசையும்.

இந்தக் குழல்களை முதலில் விளக்கியவர் இத்தாலியரான மார்செல்லோ மால்பிகி. 1669ஆம் ஆண்டு பட்டுப்புழுவை அறுத்துப் பார்த்து எழுதினார். பூச்சியின் குடலோடு ஒட்டி, சிறுநீரகத்தின் வேலையைச் செய்யும் நூல் போன்ற குழல்களுக்கு இன்றும் அவர் பெயர்தான்.

தரையில் சிந்தியதைத் துடைத்துவிடுங்கள், பிள்ளை வழுக்கிவிடும்.

செம்பனை மட்டை எழுதியது:

மூச்சுத்துளையைப் பிள்ளைக்குக் காட்ட வேண்டுமானால் காண்டாமிருக வண்டின் புழுவைவிடச் சிறந்தது இல்லை. மறுநடவுக்காகச் சாய்த்துத் துண்டாக்கிய செம்பனைத் தண்டு மக்கிக் கிடக்கும் இடத்தைக் கிளறினால் கட்டைவிரல் தடிப்பில் வெள்ளையாகச் சுருண்டு கிடக்கும். பழுப்புத் தலை, தலையை ஒட்டி ஆறு கால்கள், பிறகு பெரிய வயிறு. உள்ளே தின்றதெல்லாம் தோலுக்கு மேலேயே கருநிறமாகத் தெரியும். பக்கவாட்டில் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள், ஒரு பக்கத்துக்கு ஒன்பது. எல்லாம் மூச்சுத்துளைகள். வெறுங்கண்ணுக்கே தெரியும்.

உடலமைப்பு தெரிந்தால் எங்கள் வேலையே வேறாகிவிடுகிறது. பைப்புழுவுக்கு அடிக்கும் பாக்டீரியா மருந்து தொட்டால் வேலை செய்யாது. தின்ற ஓலையோடு குடலுக்குள் போனால்தான் கொல்லும். ஆகவே புழு தின்றுகொண்டிருக்கும் பருவத்தில் அடிக்க வேண்டும். கூட்டுப்புழுவான பிறகு அடித்தால் காசும் உழைப்பும் வீண். காண்டாமிருக வண்டுக்குப் பயன்படுத்தும் மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சை நேர்மாறு. அதைத் தின்ன வேண்டியதில்லை. விதைத்தூள் தோலில் பட்டால் போதும், புறக்கூட்டைத் துளைத்துக்கொண்டு உள்ளே வளரும். செத்த புழுவின் மேல் பச்சை மாவு பூத்திருக்கும். இளம் மரங்கள் உள்ள பகுதியில் தொங்கும் வாளிப் பொறி உணர்கொம்பை நம்பி வைத்தது. ஆண் வண்டு விடும் மணத்தைச் செயற்கையாகச் செய்து சிறு பையில் கட்டியிருப்போம். வண்டின் உணர்கொம்பு நுனியில் மூன்று மெல்லிய மடல்கள் உண்டு. அவற்றை விரித்துத்தான் அந்த மணத்தைப் பிடித்து வருகிறது.

இதையெல்லாம் என் பள்ளிக்காலத்தில் யாராவது சொல்லியிருந்தால் அறிவியல் பாடத்தை விட்டு ஓடியிருக்க மாட்டேன்.

கரும்பலகை எழுதியது:

செம்பனை மட்டை அவர்களே, அந்தப் பொறியில் விழும் வண்டுகளை நீங்கள் என்ன செய்கிறீர்கள்? எங்கள் பள்ளிக்குக் கொஞ்சம் கொடுக்க முடியுமா? படத்தை ஒதுக்கிவிடப் போவதில்லை. தேர்வுக்கு அது வேண்டும். ஆனால் கோடு போடுவதற்கு முன் பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரு வண்டையாவது திருப்பிப் பார்க்கட்டும். கெட்டுப்போகாமல் வைத்திருக்க வழி சொல்லுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் எல்லாம் பூஞ்சணம் பிடித்துவிடுகிறதே.

செம்பனை மட்டை எழுதியது:

எண்ணிக் குறித்துக்கொண்டு அழித்துவிடுகிறோம் டீச்சர். மேலாளரிடம் கேட்டுவிட்டு ஒரு டின்னில் போட்டு அனுப்புகிறேன். வேண்டிய அளவு கிடைக்கும்.

பூச்சிப்பெட்டி எழுதியது:

உயிரோடு வந்தால் உறைபெட்டியில் ஒரு நாள் வையுங்கள். எடுத்த பின் கால்கள் விறைப்பதற்குள் விரித்து, அட்டையில் ஊசிகளால் தாங்கல் கொடுத்து உலரவிடுங்கள். குத்தும் ஊசி வலது ஓட்டின் மேல்பகுதியில் இறங்க வேண்டும், நடுவில் அல்ல. அப்போதுதான் முக்கோணமும் இடது பாதியும் சேதமாகாமல் நிற்கும். பாதி வண்டுகளுக்கு ஊசியே குத்தாமல் விடுங்கள், பிள்ளைகள் திருப்பிப் பார்க்க அவை வேண்டும். ஒன்றிரண்டின் ஓட்டைத் திறந்து பின் இறக்கையை விரித்து உலர்த்தினால் மூன்றாவது கண்டமும் தெரியும்.

நன்றாகக் காய்ந்த பிறகு மூடி இறுகப் பொருந்தும் பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள். ஈரத்தை இழுக்கும் சிலிக்கா பொட்டலங்கள் இரண்டைப் போடுங்கள், புதிய காலணிப் பெட்டிகளில் கிடைப்பவையே போதும். பெட்டியைத் தரையில் வைக்க வேண்டாம், எறும்பு ஒரே இரவில் உள்ளே இருப்பதைத் தின்று வெறும் ஓட்டை விட்டுவிடும்.

லயத்துக்காரி எழுதியது:

டீச்சர், எங்கள் பள்ளிக்கும் ஒரு டின் கேட்டிருக்கிறேன். மகள் அந்த வண்டை அடிப்பக்கத்திலிருந்து மறுபடி வரைந்துகொண்டிருக்கிறாள். பின்னங்காலுக்குப் பின்னால் கோடு போட்டுவிட்டு, வயிற்றில் எத்தனை வளையங்கள் என்று எண்ண உருப்பெருக்கியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.